வயிறும் ஞாபகமும்

சேர்வராயன் மலையிலுள்ள செம்மநத்தத்துக்கு நான் போனது களி சாப்பிடுவதற்காக. கேட்டால் சிரிப்பார்கள் என்று, நாவலுக்கு விஷயம் சேகரிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

என் தாயார் சேலம் ஜில்லாக்காரி. கல்யாணமாகிப் பட்டணத்துக்கு வந்த பிறகு ஐம்பது வருஷம் அரிசிச் சோறுதான் சாப்பிட்டாள். அவள் உடம்பும் வருஷத்துக்கு வருஷம் பூரித்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் வியாதியாக நினைக்கவில்லை. லக்ஷ்மீகரம் என்றுதான் சொன்னோம். ஐம்பதாவது வயதில் சர்க்கரை வியாதி வந்தது. எழுபதைத் தாண்டியதும் என் பெயர் அவளுக்கு மறந்து போயிற்று. என்னைத் தன்னுடைய அண்ணன் என்று நினைத்துக்கொண்டு, "களி ஆறிப் போறது, உட்காரு அண்ணா" என்பாள். நானும் உட்காருவேன். களி இருக்காது. அந்த இல்லாத களியின் ருசி என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஒரு நினைப்பு.

ஏற்காட்டுக்குப் பக்கத்தில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வழிகாட்டினார். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ் மேலே ஏறும்போதே ஸில்வர் ஓக் மரங்களும் அவற்றைத் தழுவிய மிளகுக் கொடிகளும் வரவேற்றன. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே இங்கே குடியிருந்தவர்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளிகள் அல்ல, மலைவாசிகளான தமிழர்கள். காஞ்சீபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் வந்ததாகவும், பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கியதாகவும் அவர்களிடையே ஒரு கதை உண்டு. காட்டைத் திருத்திச் சாமையும் கேழ்வரகும் தினையும் விதைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நெல்லுச் சோறு என்பது பண்டிகைச் சோறு.

செம்மநத்தத்தில் எனக்குக் கிடைத்ததும் நெல்லுச் சோறுதான்! நாங்கள் போய் உட்கார்ந்த திண்ணைக்குச் சொந்தக்காரியான கிழவி, விருந்தாளிக்குக் களி போடுவது மரியாதை அல்ல என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ரேஷன் அரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. அதற்கு முன்னால் சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அவள் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"ஏனுங்க ஐயா, நீங்க படிச்சவங்க. இந்தச் சக்கரை மாத்திரை தின்னா மறதி வருமுங்களா?"

உள்ளே சுவர் ஓரமாக ஒரு பெரியவர் குந்தியிருந்தார். அவளுடைய புருஷன். சதை என்று சொல்ல உடம்பில் ஒன்றும் இல்லை; வயிறு மட்டும் சின்னப் பானை கவிழ்த்த மாதிரி முன்னால் தள்ளியிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021-ல் அரசாங்கம் ஆரம்பித்த திட்டத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். நல்ல ஏற்பாடு. ஆனால் போன கார்த்திகையில் விறகுக்குப் போன மனுஷர் திரும்பி வரவில்லை. பிறந்ததிலிருந்து நடந்த காடு. டார்ச் விளக்கு எடுத்துக்கொண்டு மூன்று பேர் தேடிப் போய், ஒரு காப்பித் தோட்டத்து வேலியோரம் நின்றவரை அழைத்து வந்தார்கள்.

"வந்ததும் என்னப் பாத்து, 'நீ யாரு ஊட்டுப் புள்ள?'ன்னு கேட்டாருங்க. அதான் மாத்திரைய நிறுத்திப்புட்டேன். சாமை போட்டு வைக்கிற பானைக்குள்ள வெச்சு மூடியாச்சு. பானை இப்பச் சும்மாத்தானுங்களே கெடக்குது!"

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நான் வைத்தியன் அல்லன், கதை எழுதுகிறவன். தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "விசாரித்துக்கொண்டு வந்து சொல்லுகிறேன், அதுவரை டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள், அம்மா" என்று சொல்லிவிட்டு மலை இறங்கினேன். பிறகு நான் புஸ்தகங்களிலும் டாக்டர் நண்பர்களிடமும் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்ட சரித்திரம்தான் இது.

சர்க்கரை வியாதி நமக்குப் புதிதல்ல. நீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து 'மதுமேகம்' என்று பெயர் வைத்தவர்கள் நம் பழைய வைத்தியர்கள். உட்கார்ந்தே இருக்கிறவனுக்கும், வெல்லமும் தயிரும் புதுநெல்லும் ஏராளமாகத் தின்கிறவனுக்கும் இது வரும் என்று எழுதிவைத்தார்கள். இந்த நோயாளிகளில் பருத்தவன் ஒரு வகை, மெலிந்தவன் வேறு வகை என்றும் அப்போதே பிரித்தார்கள். இதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். மெலிந்தவன் திரும்பவும் வருவான்.

ஆனாலும் நெடுங்காலம் வரையில் இது சிலருடைய வியாதியாகவே இருந்தது. 1907-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தார் கூடி உஷ்ண தேசங்களில் நீரிழிவைப் பற்றி விவாதித்தபோது, கல்கத்தாவின் படித்த, உட்கார்ந்து வேலை பார்க்கிற கனவான்களைப் பற்றித்தான் பிரதானமாகப் பேச்சு. உழுகிறவனுக்கும் சுமக்கிறவனுக்கும் அது வருவது அபூர்வம். அவர்களுக்கு வந்தது வேறு: பசி.

சேலம் ஜில்லாவின் பசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. 1876-லிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் இதுவும் ஒன்று. 1871-ஆம் வருஷக் கணக்கில் ஏறக்குறைய பத்தொன்பதே முக்கால் இலட்சமாக இருந்த ஜனத்தொகை, 1881-ல் பதினாறு இலட்சமாயிற்று. பத்து வருஷத்தில் பெருகியிருக்கவேண்டிய கணக்கு இது! அந்தப் பஞ்சத்தின்போது ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்ற துரை சிக்கனம் பிடிப்பதற்காக வந்து சேர்ந்தார். நிவாரண வேலையில் கல் உடைக்கிறவனுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியம் என்றிருந்ததை, 1877 ஜனவரியில் ஒரு பவுண்டாகக் குறைத்தார். மாகாணத்துச் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் என்பவர், இது மனுஷனைக் கொல்லும் அளவு என்று சளைக்காமல் எதிர்த்து எழுதினார். வயிற்றை அளந்து பார்த்துச் சண்டை போட்ட இரண்டு வெள்ளைக்காரர்களில் யார் பக்கம் நியாயம் என்பதை மேலே சொன்ன ஜனக் கணக்கே சொல்லும்.

பரம்பரை பரம்பரையாகத் தொடரும் இந்த அரைவயிறு உடம்பில் ஒரு முத்திரை வைக்கிறது என்று விஞ்ஞானிகளில் ஒரு கட்சியார் சொல்லுகிறார்கள். புனா நகரத்து டாக்டர் யாக்னிக் அந்தக் கட்சியில் முக்கியமானவர். அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தையின் எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. சதை குறைவு, உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 2004-ல் அவர் இன்னும் வேடிக்கையான காரியம் ஒன்று செய்தார். தம்மையும் யுட்கின் என்ற தம் ஆங்கிலேயச் சகாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, 'லான்ஸெட்' பத்திரிகையில் போட்டார். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு இரண்டு பேருக்கும் ஒன்றே: 22.3. உள்ளே இருக்கும் கொழுப்போ, ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9, நம்மவருக்கு 21! பார்த்தால் ஒல்லி, உள்ளே பருமன். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் செம்மநத்தத்துப் பெரியவரின் கவிழ்த்த பானை வயிறு ஞாபகத்துக்கு வந்தது. என்னுடைய வேஷ்டிக்கட்டையும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன்.

பசிக்குப் பழகின இந்த உடம்புக்குத்தான் பிற்பாடு சோறு கிடைத்தது. கிடைத்ததைக் குறை சொல்லுகிற பாவத்தை நான் செய்யமாட்டேன். 1967 தேர்தலில் அரிசியே ஒரு பெரிய கட்சியைக் கவிழ்த்ததைப் பார்த்த நாடு இது. 2011 ஜூன் மாதத்திலிருந்து அட்டைக்கு மாதம் இருபது கிலோ அரிசி இலவசம் என்று வந்தபோது, தாது வருஷத்துப் பேய்கள் சேலம் ஜில்லாவை விட்டு ஓடியே போயின. ஆனால் கூடவே வேறு சிலவும் ஓடின. உரலும் உலக்கையும் போயின. சாமைக் கொல்லை போயிற்று. சாமையைக் குத்திப் புடைப்பதற்கு அரை நாள் ஆகும், அரிசி கடையிலிருந்து தயாராக வருகிறதே! மில்லிலே தவிடு நீங்கிப் பல்லைப்போல் வெளுத்த அரிசி, நம் ரத்தத்தில் வெகு வேகமாகச் சர்க்கரையாகிறது. சென்னையில் பெரியவர்களின் சாப்பாட்டை ஆராய்ந்தவர்கள், அவர்கள் உடம்புக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழப் பாதி இப்படித் தீட்டிய தானியத்திலிருந்தே வருவதாகக் கணக்கிட்டார்கள்.

1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு ஒன்றை ஆரம்பித்தார். இந்த ஒரு வியாதிக்குத் தனி இடம் எதற்கு என்று அன்றைக்குக் கேட்டவர்கள் இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. இன்றைக்கு யாரும் கேட்கமாட்டார்கள். 2023-ல் வெளியான தேசிய ஆராய்ச்சியின்படி இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு. கல்கத்தா கனவான்களின் வியாதி மலை ஏறிவிட்டது.

இது வயிற்றின் கதை. ஞாபகத்தின் கதை வேறு ஊரில், வேறு வழியில் நடந்தது.

1901-ல் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஆகஸ்டே டெட்டர் என்ற பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வயது ஐம்பத்தொன்றுதான். தன் பெயரை எழுதச் சொன்னால், ஆரம்பிப்பாள். பாதியில் என்ன எழுத வந்தோம் என்பதே மறந்துவிடும். 1906-ல் அவள் இறந்தபோது, டாக்டர் அல்ஸைமர் அவளுடைய மூளையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, நரம்பு அணுக்களுக்கு இடையே திட்டுத் திட்டாகக் கசடு படிந்திருப்பதையும், உள்ளே இழைகள் முறுக்கிக் கிடப்பதையும் கண்டார். அந்த வியாதிக்கு அவர் பெயரே நிலைத்தது. ஆனாலும் இது ஏதோ அபூர்வமான இளவயது வியாதி என்றும், கிழவர்களின் மறதி வயதின் இயல்பு என்றும் வெகுகாலம் உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. நாமும்தான். 'வயசாயிடுத்து' என்கிற ஒரு வார்த்தையில் என் தாயாரை எட்டு வருஷம் மூடி வைத்தோமே! கேரளத்தில் இதற்குச் 'சின்னன்' என்று பெயர் உண்டாம். திரும்பவும் சின்னப் பிள்ளையாகிவிடுவது. நம்முடைய வார்த்தையைவிட இது எவ்வளவோ தேவலை.

இன்னொரு பக்கம், 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியனார்டு தாம்ஸன் என்ற பதினாலு வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். சாகக் கிடந்த பையன் எழுந்து உட்கார்ந்தான். அதிலிருந்து சர்க்கரை டாக்டர்கள் ஒரு தாழ்வாரத்திலும், மூளை டாக்டர்கள் இன்னொரு தாழ்வாரத்திலுமாக நடந்துகொண்டிருந்தார்கள். மூளைக்கு இன்சுலின் தேவையே இல்லை, அது தன் சர்க்கரையைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பது அந்தக் காலத்துப் பாடம். 1978-ல் எலியின் மூளைக்குள்ளேயே இன்சுலினை ஏற்கும் வாயில்கள் இருப்பதைக் கண்டார்கள். வாயில் இருந்தால் விருந்தாளி வராமலா இருப்பான்?

அதற்குப் பிறகும் இருபது வருஷம் ஆயிற்று. 1999-ல் ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களைத் தொடர்ந்து கவனித்தவர்கள், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று சொன்னார்கள். என் மனசை அதைவிட உலுக்கியது 2008-ல் வந்த ஓர் ஆராய்ச்சி. கலிபோர்னியாவில் 1964-லிருந்து 1973 வரையில், நாற்பது, நாற்பத்தைந்து வயதிலிருந்த ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான பேருக்கு, முதுகிலிருந்து தொப்புள் வரையில் வயிற்றின் கனத்தை அளந்து எழுதி வைத்திருந்தார்கள். முப்பத்தாறு வருஷம் கழித்து யாருக்கு மறதிநோய் வந்தது என்று பார்த்தார்கள். வயிறு மிகவும் சிறுத்திருந்தவர்களைவிட, மிகவும் பெருத்திருந்தவர்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு! கிழவனின் மறதிக்கு விதை அவனுடைய நடுவயதுத் தொப்பையில் விழுந்திருக்கிறது. நாங்கள் லக்ஷ்மீகரம் என்று கொண்டாடியது எதை என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

எப்படி இது நேர்கிறது? சர்க்கரை மிகுந்த ரத்தம் மூளையின் நூலிழைக் குழாய்களைப் பல வருஷமாகக் கெடுக்கிறது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. மற்றொரு காரணத்தை இன்னும் வாதித்துக்கொண்டிருக்கிறார்கள். கொழுத்த வயிறு இன்சுலினின் பேச்சைக் கேட்காது. உடம்பு மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. வேலை முடிந்த இன்சுலினைக் கரைத்து அப்புறப்படுத்துவதற்கு ஒரு ரஸம் இருக்கிறது. மூளையிலே சேரும் அமிலாய்டு என்ற அந்தக் கசடைக் கரைப்பதும் அதே ரஸந்தான். வீட்டுக்கு ஒரே வேலைக்காரி. சமையலறையில் பாத்திரம் மலையாகக் குவிந்தால் கூடம் பெருக்கக் கை ஒழியுமா? 2005-ல் சிலர் மூளைத் தேய்வை 'மூன்றாம் வகை நீரிழிவு' என்றே அழைக்க ஆரம்பித்தார்கள். பெயர் சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சர்க்கரை இல்லாத எத்தனையோ பேருக்கு ஞாபகம் போகிறது. சர்க்கரையோடு எண்பது வயதில் பஞ்சாங்கம் பார்க்காமல் திதி சொல்லுகிறவர்களையும் நான் அறிவேன். உடம்பையும் மருந்தினால் சரிக்கட்டிவிடலாம் என்று எண்ணி, உடல் இளைக்கக் கொடுக்கும் புதிய நீரிழிவு மருந்து ஒன்றை ஆரம்ப நிலை அல்ஸைமர் நோயாளிகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சோதித்துப் பார்த்தார்கள். நோயின் வேகத்தை அது குறைக்கவில்லை என்று 2025 நவம்பரில் முடிவு வந்தது. விதை விழுந்து முப்பது வருஷம் கழித்துக் களை எடுக்கப் போனால் அப்படித்தான் போலிருக்கிறது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. மறதி வெளியே தெரிவதற்குச் சில வருஷங்கள் முன்பிருந்தே மனுஷன் இளைக்க ஆரம்பிக்கிறான். ஆகவே கிழவயதில் ஒல்லியாயிருக்கிறானே, இவனுக்கு என்ன என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. என் தாயாரும் கடைசியில் குச்சியாகத்தான் இருந்தாள்.

சரி, கிழவியின் கேள்வி என்ன ஆயிற்று? அதைத்தான் நான் மிகவும் பயந்துகொண்டே ஒரு டாக்டர் நண்பரிடம் கேட்டேன். மாத்திரை தின்றால் மறதியா, பைத்தியக்காரத்தனம் என்று சொல்லப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த அம்மாள் சொல்வதில் விஷயம் இருக்கிறது" என்றார். மெட்ஃபார்மின் என்ற மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால், சிலருக்கு உடம்பில் பி12 என்ற வைட்டமின் குறைந்து போகும். அது குறைந்தாலும் ஞாபகம் தடுமாறும். பால், முட்டை, மாமிசம் அதிகம் சேராத ஏழைச் சாப்பாட்டுக்காரருக்கு இன்னும் சீக்கிரம். வேறு சில மாத்திரைகளைத் தின்றுவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால், சர்க்கரை அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்து, கிழவர்களின் மூளையை அதுவும் கலக்கும். "பி12 குறைவென்றால் ஊசியினால் ஓரளவு மீட்கலாம். முதலில் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்துவது மட்டும் கூடாது" என்றார்.

மாசி மாதம் மறுபடியும் மலை ஏறினேன். மாத்திரைப் பை கொண்டுவரும் பெண்ணையும் கூட வைத்துக்கொண்டு, தெரிந்துகொண்டதைச் சொன்னேன். கிழவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் நெனச்சது பாதி நெசந்தானுங்க" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. மலையடிவாரத்துக்கு அழைத்துப் போய்ப் பரிசோதனை செய்தார்கள். பி12 குறைவாகத்தான் இருந்தது, ஊசி போட்டார்கள். மாத்திரை பானையிலிருந்து வெளியே வந்து மாடத்துக்குப் போயிற்று.

போன வாரம் நண்பர் எழுதியிருந்தார். பெரியவர் வாசலுக்குப் போனால் இப்போது தாமாகவே திரும்பி வந்துவிடுகிறார். மனைவியின் பெயர் இன்னும் வரவில்லை. வேலியோரத்தில் கிழவி ஒரு பாத்தி கேழ்வரகு போட்டிருக்கிறாளாம். அறுவடைக்கு வந்தால் எனக்குக் களி உண்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். விருந்தாளி மூன்றாம் தடவை வந்தால் வீட்டு மனுஷன்தானாம்.